லாட்ஜ் எல்லாம் ஏன் ஒரே தெருவில்? மாட்டுத்தாவணி பக்கம் கட்டினால் ஓடுமா?

உத்தங்குடியான்:

மதுரை மேலூர் ரோட்டில், மாட்டுத்தாவணியைத் தாண்டி உத்தங்குடி பக்கம் அப்பா பெயரில் 22 சென்ட் இடம் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெறும் கருவேலங்காடு. இப்போது சுற்றிலும் கல்யாண மண்டபம், கார் ஷோரூம் என்று வந்துவிட்டது. சித்தப்பா ஒரே பிடிவாதமாக நிற்கிறார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இடத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன், லாட்ஜ் கட்டுடா" என்கிறார். 30 ரூம், கீழே சைவ ஹோட்டல். இதுதான் அவர் திட்டம். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். அப்பாவுக்கு இதில் இஷ்டம் இல்லை, தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகம். போன ஞாயிற்றுக்கிழமை நண்பனுடன் டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல வெளி வீதி என்று நடந்தேன். எத்தனை லாட்ஜ் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் கணக்கு விட்டுப்போனது. ஒரு லாட்ஜின் சுவரில் அடுத்த லாட்ஜ் சாய்ந்து நிற்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ராத்திரி முழுக்க ஜனம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கமும் லாட்ஜ் வந்திருக்கிறதுதான், ஆனால் டவுன் ஹால் ரோட்டுக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஏன்?

லாட்ஜ் எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா? இந்தத் தொழிலில் இருந்தவர்கள், நிறைய ஊர் சுற்றியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சும்மா ஒருவன்:

இதில் என்ன கணக்கு? ஜனம் இறங்கும் இடத்தில் லாட்ஜ். சித்தப்பா சொல்வதுதான் சரி. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸை மாற்றினார்கள், லாட்ஜ் மாற இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். இடத்தை வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள்.

பழைய ரெப்:

தம்பி, நான் 1989ல் மருந்துக் கம்பெனி ரெப்பாகச் சேர்ந்தவன். தலைமையிடம் (ஹெச்.க்யூ.) மதுரை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு ராத்திரி லாட்ஜில்தான். ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் போனது. என் மனைவி போனை எடுத்தால் முதல் கேள்வி "எந்த ஊர்" என்பதாக இருக்காது, "எந்த லாட்ஜ்" என்பதாகத்தான் இருக்கும். அந்த உரிமையில் சொல்கிறேன்: மேலே ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. ஜனம் இறங்கும் இடத்தில் டீக்கடை வரும். லாட்ஜ் வருவதற்கு ஜனம் விடியும்வரை காத்திருக்க வேண்டும். இறங்குவது வேறு, காத்திருப்பது வேறு.

வேலூரைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டம் முழுக்க காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறது. வாசலிலேயே லாட்ஜ் தெரு உருவாகியிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் பெரிய கூட்டம் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் தெருக்களில்தான். பெயர்ப் பலகை வங்காளத்தில் எழுதியிருக்கும். ஏன்? ரத்தம் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் நாளைக்கு. டாக்டர் வியாழக்கிழமை பார்ப்பார். ஆபரேஷன் தேதி அடுத்த வாரம். அங்கே லாட்ஜ்காரனுக்கு வருமானம் கொடுப்பது ரயில் இல்லை, அந்த "அடுத்த வாரம்".

மாட்டுத்தாவணியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் இறங்குகிறான் என்று வையுங்கள். அவன் ராஜபாளையம் போக வேண்டும், இல்லை காரைக்குடி போக வேண்டும். அரை மணி நேரத்தில் அடுத்த பஸ் கிடைக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பால் குடித்துவிட்டு ஏறிவிடுவான். பஸ் வசதி கூடக் கூட அந்த இடத்தில் லாட்ஜுக்கு வேலை குறையும். இதை உங்கள் சித்தப்பாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் நான் கண்ணால் பார்த்தது.

பரமக்குடி கதையைச் சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் பரமக்குடி எங்களுக்கு அவுட் ஸ்டேஷன், ராத்திரி தங்கியே ஆக வேண்டும். காரணம் தூரம் இல்லை. அங்கே டாக்டர்கள் சாயங்கால ஓ.பி. முடித்துவிட்டுத்தான் ரெப்பைக் கூப்பிடுவார்கள், அதற்கு ஒன்பதரை பத்தாகிவிடும். வெளியே வந்தால் கடைசி பஸ் போயிருக்கும். ஒரு லாட்ஜில் நாங்கள் ஏழெட்டு ரெப்புகள் மாதாமாதம் ஒரே தேதியில் கூடுவோம். ராத்திரி புரோட்டாவும் கம்பெனி வம்பும். ரூம் பாய்க்கு எங்கள் டூர் புரோகிராம் எங்கள் மேனேஜரைவிட நன்றாகத் தெரியும். பிறகு பையன்கள் பைக் வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை வந்தது. இப்போது இருக்கும் ரெப் பத்து மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்கு வீட்டில் சாப்பிடுகிறான். அந்த லாட்ஜ் இப்போது ஜவுளிக்கடை. கட்டில் கிடந்த இடத்தில் பொம்மை சேலை கட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆக, ஒரு ஊரில் லாட்ஜ் எத்தனை என்பது அந்த ஊரின் பெருமையைக் காட்டாது. அங்கே வருகிறவன் வேலையை முடித்துக்கொண்டு அதே நாளில் திரும்ப முடியாமல் எத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் காட்டும்.

இனி டவுன் ஹால் ரோடு. மீனாட்சி கோயில் நடை மத்தியானம் சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். வெளியூர்க் குடும்பம் ஒன்று காலையில் ரயிலில் வந்து இறங்குகிறது. குளிக்க வேண்டும், குழந்தைக்கு உடை மாற்ற வேண்டும், சாமான் வைக்க வேண்டும், மத்தியானம் காலை நீட்ட வேண்டும், மறுபடி சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போக வேண்டும். ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில், இரண்டுக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற தெருதான் அதற்குத் தோது. சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வந்து நிற்கும், திரும்பிப் போவது ராத்திரி. அதனால்தான் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்களில் 24 மணி நேர செக்-அவுட் அதிகம். மத்தியானம் 12 மணிக்குக் காலி செய் என்றால் விடியற்காலையில் வந்தவன் எவனும் ரூம் எடுக்க மாட்டான். நான் ஒரு ஊருக்குப் போனால் முதலில் லாட்ஜ் போர்டில் செக்-அவுட் நேரத்தைத்தான் பார்ப்பேன். அதைப் பார்த்தாலே அந்தத் தெருவுக்கு ஆள் எதில் வருகிறான், எப்போது வருகிறான் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. பஸ் ஸ்டாண்டை நம்பிக் கட்டாதீர்கள். சென்னையில் வெளியூர் பஸ் பாரிமுனையில் நின்றது. 2002ல் கோயம்பேட்டுக்குப் போனது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் லாட்ஜ்களாக முளைத்தன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தார்கள், தென் மாவட்டப் பஸ் எல்லாம் அங்கே போய்விட்டது. எழும்பூர் கென்னட் லேனில் நான் தங்கிய லாட்ஜ்காரனோ இரண்டு தடவையும் அசையவில்லை. அவனுக்கு ரயில் இருக்கிறது, பக்கத்திலேயே ஊர் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டைப் பத்து இருபது வருடத்துக்கு ஒரு தடவை தூக்கி வேறிடத்தில் வைப்பார்கள். கோயிலையும் ஆஸ்பத்திரியையும் தூக்க முடியாது.

வரைபடப் பைத்தியம்:

பழைய ரெப் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பள்ளியில் புவியியல் எடுக்கிறவன் என்பதால் பின்னால் இருக்கும் கதையைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மதுரைக்கு ரயில் வருமுன்பே ஊரின் மேற்கு ஓரம் ஒரு தையல் போலத் தயாராகிவிட்டது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை அந்த மண்ணைக்கொண்டே தூர்க்க வைத்தார். அதற்கு வேலை பார்த்தவர்கள் பெயர்கள்தான் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி. அகழி இருந்த வரிசைதான் வெளி வீதிகள். நெருக்கமான கோயில் நகரம் ஒரு பக்கம், வெளியே திறந்த நிலம் மறுபக்கம். ரயில்வேக்கு அந்தத் திறந்த நிலம்தான் கிடைத்தது. பழைய ஊரும் ஸ்டேஷனும் சந்திக்கிற அந்தத் தையல் மேல்தான் நீங்கள் எண்ணி விட்டுப்போன லாட்ஜ்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறதே, அந்த ராணி ஆண்டது தண்டவாளத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால்.

சத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம், திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம். நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில் ஒரு நாள் பயணம் எங்கே முடியுமோ அங்கே சத்திரம், அதைச் சுற்றி ஊர். வண்டி வேகம் கூடியதும் நடுவழிச் சத்திரங்களுக்கு வேலை போனது, பெயர் மட்டும் நின்றது. ரெப் சொன்ன பரமக்குடிக் கதையும் இதே கதைதான். வேடிக்கை என்னவென்றால் சுங்குவார்சத்திரத்தில் மறுபடி தங்க வருகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்க தொழிற்சாலை. கொரிய எழுத்தில் பலகை வைத்த விடுதிகளை அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம்.

ஏன் ஒரே தெருவில் என்ற கேள்விக்குப் பொருளாதாரப் பாடத்தில் ஒரு பழைய விடை உண்டு. 1929ல் ஒரு கட்டுரை எழுதினார் ஹரால்ட் ஹோட்டலிங். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர் லாட்ஜ் நடத்தவில்லை.) கடற்கரையில் இரண்டு ஐஸ் வண்டிகள் என்று வகுப்பில் உதாரணம் சொல்வோம். ஆளுக்கொரு கோடியில் நின்றால் எல்லோருக்கும் வசதி. ஆனால் அடுத்தவன் ஆளையும் பிடிக்கலாம் என்று நகர்ந்து நகர்ந்து கடைசியில் இருவரும் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள்.

லாட்ஜுக்கு இது மட்டும் போதாது. முன்பின் தெரியாத ஊரில் ரூமைப் பார்க்காமல் யாரும் எடுப்பதில்லை. டவுன் ஹால் ரோட்டில் பத்து நிமிடத்தில் ஐந்து லாட்ஜ் ஏறி இறங்கிப் பேரம் பேசலாம். ஒன்றில் ரூம் இல்லை என்றால் அடுத்த வாசல். ஆறு கிலோமீட்டர் தள்ளித் தனியாக ஒரு லாட்ஜ் இருந்தால், அது நிரம்பியிருந்தால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பெட்டியோடு யாரும் அங்கே போக மாட்டார்கள். போட்டிக்காரன் பக்கத்தில் இருப்பது லாட்ஜ்காரனுக்கு நஷ்டம் போலத் தெரியும், உண்மையில் அந்தத் தெருவுக்கே கூட்டத்தைக் கொண்டுவருவது அந்தப் போட்டிதான்.

மன்ஹாட்டனில் 1898 முதல் 1990 வரை எந்தெந்த ஹோட்டல் எங்கெங்கே வந்தது என்று ஜோயல் பாம், ஹெதர் ஹேவ்மன் என்ற இருவர் ஆராய்ந்து 1997ல் எழுதினார்கள். புதிதாக வருகிறவர்கள் விலையில் தம்மைப் போன்ற ஹோட்டல்களின் பக்கத்தில் இடம் பிடிக்கிறார்கள், ஆனால் அளவில் அவற்றிலிருந்து மாறுபடுகிறார்கள் என்று கண்டார்கள். கூட்டத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும், ஆனால் பக்கத்துக்காரனின் நகலாக நிற்கக் கூடாது.

மதுரையில் இன்னொரு சங்கதி உண்டு. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பது விதி. இடமோ துண்டு துண்டு. நூறு ரூம், நீச்சல் குளம், கார் நிறுத்துமிடம் என்று கட்ட நினைப்பவர்கள் ஆற்றுக்கு வடக்கே அழகர்கோவில் சாலை, மேலூர் சாலை என்று போய்விடுகிறார்கள். கோவையிலும் இதே மாதிரிதான். ஸ்டேஷன் எதிரே கீதா ஹால் ரோட்டில் சின்ன லாட்ஜ்களின் வரிசை, பெரிய ஹோட்டல்கள் விமான நிலையம் போகிற அவிநாசி சாலை நெடுக. நடந்து வருகிறவனுக்கு ஒரு பூகோளம், காரில் வருகிறவனுக்கு இன்னொரு பூகோளம்.

வேலப்பாடி:

வேலூர்க்காரன். பழைய ரெப் சாருக்கு ஒரு திருத்தம்: ஆஸ்பத்திரியும் நகரும். 2022ல் சி.எம்.சி. ராணிப்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் புது வளாகம் திறந்தது, சில பிரிவுகள் அங்கே போயின. எங்கள் தெரு லாட்ஜ் முதலாளிகள் பட்ட கவலை சொல்லி முடியாது. ஒருவர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார், எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் லாட்ஜ்களை மற்ற ஊரோடு ஒப்பிடுவதும் கஷ்டம். இங்கே ரூம் என்றால் அடுப்பங்கரையோடு ரூம். வாரக் கணக்கில் வாடகை. அடுப்பு, குக்கர், பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். தெரு முனையில் ஆற்று மீனும் கடுகெண்ணெயும் விற்கும். நோயாளியோடு வந்தவர்கள் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்துக்கொள்கிறார்கள். உத்தங்குடிக்காரர் கீழே சைவ ஹோட்டல் என்கிறார். யார் வருவார்கள் என்று தெரியாமல் அடுப்பைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

உத்தங்குடியான்:

எல்லோருக்கும் நன்றி. ரெப் அண்ணன் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் காத்திருக்கிற கூட்டம் என்று இரண்டு தோன்றுகிறது. ஒன்று, ஹைகோர்ட் பெஞ்ச். 2004லிருந்து இருக்கிறது, எங்கள் இடத்திலிருந்து பக்கம்தான். இன்னொன்று, மேலூர் ரோட்டிலேயே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. இந்த இரண்டையும் நம்பலாமா? சித்தப்பாவிடம் கோர்ட் என்று சொன்னதும், "பார், நான் அப்போதே சொன்னேன்" என்கிறார். அவர் சொல்லவே இல்லை.

பழைய ரெப்:

வேலப்பாடி சாருக்கு நன்றி, ராணிப்பேட்டையை மறந்துவிட்டேன். தூக்க முடியாது என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கோயிலை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தம்பி, கோர்ட் நல்ல யோசனை, ஆனால் காலண்டரைப் பாருங்கள். சனி ஞாயிறு கிடையாது. மே மாதம் கோடை விடுமுறை. தசராவுக்கு, கிறிஸ்துமஸுக்கு விடுமுறை. குமரியிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வரை வழக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நாகர்கோவில்காரன் இப்போது விடியற்காலை நாலு மணிக்குக் காரை எடுத்தால் பத்தரைக்குள் கோர்ட் வாசலில் நிற்கிறான். நான்குவழிச் சாலை பரமக்குடியில் செய்த வேலையை இங்கேயும் செய்யும். கோர்ட்டுக்காக ராத்திரி தங்குகிறவன் பஸ்ஸில் வருகிற கட்சிக்காரன். அவன் பையில் பணம் குறைவு, வக்கீலுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு.

ஆஸ்பத்திரி இன்னும் உறுதி. வாரம் ஏழு நாள், மழைக்காலம் கோடைக்காலம் வித்தியாசம் இல்லை. ஆனால் மதுரை வேலூர் இல்லை. இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம். சொந்தக்காரன் வீடு ஊரில் எங்காவது இருக்கும். ஐ.சி.யூ.வில் ஆள் கிடந்தால் ஒருவன் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுப்பான், மற்றவர்கள் ஊருக்குப் போய் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது 30 டபுள் ரூம் இல்லை. குளிக்க, துணி துவைக்க, நாலு மணி நேரம் தூங்க ஓர் இடம்.

நீங்களும் சித்தப்பாவும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்பன் சீசன். ஆந்திரா, கர்நாடகா வேன்கள் சபரிமலையோடு பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று சுற்றி வருகிறார்கள். அந்த வேனை டவுன் ஹால் ரோட்டில் நிறுத்த முடியுமா? ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் அத்தனைக்கும் இருக்கிற ஊனம் இதுதான், அந்தக் காலத்தில் எவனும் வண்டியோடு வரவில்லை. உங்களிடம் 22 சென்ட் இருக்கிறது, மெயின் ரோடும் இருக்கிறது. வேன் திரும்ப இடம் விட்டு, டிரைவருக்குத் தனியாகப் படுக்கை கொடுத்தால் அவன் அடுத்த வருடம் வேறு இரண்டு வேனையும் கூட்டிக்கொண்டு வருவான். ஒரு லாட்ஜுக்கு ஆள் கொண்டுவருகிறவன் முன்னால் ஆட்டோக்காரன், இப்போது வேன் டிரைவரும் செல்போனும். ஸ்டேஷனில் இறங்கியவனை ஆட்டோக்காரன் கமிஷன் வாங்கிக்கொண்டு எங்கே இறக்கிவிட்டானோ அங்கே ரூம் நிரம்பிய காலம் உண்டு.

ஆனால் சீசனை வைத்துக் கடன் கணக்குப் போடாதீர்கள். குற்றாலத்தில் நான் தங்காத மாதம் இல்லை. சாரல் அடிக்கிற ஆடியில் சேரை நடையில் போட்டுப் படுக்கச் சொன்னார்கள், அதற்கும் காசு. அதே லாட்ஜில் மார்ச் மாதம் நான் ஒருவன்தான். மேனேஜர் பேச்சுத் துணைக்கு என்னை விடாமல் பிடித்துக்கொண்டார், வாடகையைப் பாதியாக்கினார், ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் மாட்டுக்கொட்டகைக்கும் வாடகை கிடைக்கும். மிச்ச நாளில் செவ்வாய்க்கிழமை ராத்திரி எத்தனை ரூம் நிரம்பும்? அதைச் சொல்லுங்கள், நான் கட்டலாமா என்று சொல்கிறேன்.

ரூம் நம்பர் 12:

மாட்டுத்தாவணி வட்டாரத்தில் ஒரு லாட்ஜில் ஆறு வருடம் ரிசப்ஷனில் இருந்தேன், பெயர் வேண்டாம். ரெப் அண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு இறங்குகிறவன் ரூம் கேட்க மாட்டான், "பாத்ரூம் மட்டும் யூஸ் பண்ணிக்கலாமா" என்று கேட்பான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார்: கல்யாணம். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்து ரூம், பதினைந்து ரூம் என்று மொத்தமாக எடுப்பார்கள். மண்டபம் பக்கத்தில் இருந்தால் போதும், டாரிஃப் கூடப் பேச மாட்டார்கள். மறுநாள் பத்தரைக்கெல்லாம் காலி செய்துவிடுவார்கள். ஒரே ராத்திரிதான், ஆனால் முழு வாடகை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மார்கழிக்கு ஐயப்பன் வேன் வந்து ஈடு கட்டும், ஆடிக்கு ஒன்றும் கிடையாது. நாங்கள் சுண்ணாம்பு அடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் ஆடியில்தான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மல்லிகை வியாபாரிகள் விடியற்காலையில் வருகிறவர்கள், ரூம் எடுப்பது அபூர்வம். மார்க்கெட் இருந்தாலே லாட்ஜ் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஈரோட்டு ஜவுளிச் சந்தை மாதிரி இல்லை. அங்கே திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை வியாபாரம், வெளிமாநிலத்திலிருந்து வருகிறவன் தங்கித்தான் சரக்கு எடுக்க வேண்டும். பூவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

உத்தங்குடியான்:

ரெப் அண்ணன் கேட்ட செவ்வாய்க்கிழமை ராத்திரியை நேரில் பார்த்துவிடலாம் என்று நேற்று நானும் நண்பனும் எங்கள் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி, ரூம் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் எங்களுக்குச் சொல்லச் சொன்னோம். ஒன்றரை மணி வரை இருந்தோம், ஆறு டீ ஆனது.

மூன்று தடவை கேட்டார்கள். முதலில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாவும் மகளும். ரூம் வேண்டாம், வெந்நீர் போட்டுக் குளிக்க இடம் கிடைக்குமா என்றார்கள். பதினொரு மணிக்குக் கர்நாடகா வேன் ஒன்று, பதினான்கு பேர், ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்புகிறார்கள். வண்டி நிறுத்த இடத்தோடு பெரிய ஹால் மாதிரி இருந்தால் போதும் என்று டிரைவர் சொன்னார். கடைசியாகக் கோர்ட்டுக்கு வந்த ஒரு பெரியவர், தென்காசிப் பக்கம், மஞ்சள் பையில் கட்டுக் காகிதம். 300 ரூபாய்க்கு ரூம் இருக்கிறதா என்று கேட்டார். மாஸ்டர் அவரை மாட்டுத்தாவணி பெஞ்சுக்கே அனுப்பி வைத்தார்.

30 ரூம் கேட்டு யாரும் வரவில்லை. வேன் ஷெட், இரண்டு பெரிய ஹால், குளியலறை பத்து, மேலே ரூம் எட்டு என்று நண்பன் டீக்கடை பில்லின் பின்பக்கம் ஒரு படம் வரைந்திருக்கிறான். ரூம் நம்பர் 12 அண்ணன் சொன்ன கல்யாணத்துக்காக ரூமைப் பன்னிரண்டு ஆக்கலாமா என்று பார்க்கிறோம். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். சித்தப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.